போர்க்கப்பலின் தொட்டியில் மாட்டுக் கொழுப்பு: அமெரிக்கக் கடற்படை எரிபொருள் மாறப் பார்த்த கதை

2011 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை ஒரு புது வகை எரிபொருளை வாங்கியது. விலை கேலனுக்கு 26 டாலருக்கும் மேல். ஒரு கேலன் என்பது மூன்றே முக்கால் லிட்டர் சொச்சம். வழக்கமான கப்பல் டீசல் அப்போது கேலன் 4 டாலர் அளவில் கிடைத்துக்கொண்டிருந்தது. வாங்கியது 4,50,000 கேலன், செலவு 1 கோடியே 20 லட்சம் டாலர். அப்படி என்ன விசேஷமான சரக்கு என்று பார்த்தால், பெரும்பகுதி ஓட்டல்களில் பொரித்து முடித்த பழைய எண்ணெயிலிருந்து செய்தது. மீதி பாசியிலிருந்து எடுத்த எண்ணெய்.

அமெரிக்க நாடாளுமன்றத்தில் சிலர் கொதித்துப்போனார்கள். செனட்டர்கள் ஜான் மெக்கெய்னும் ஜேம்ஸ் இன்ஹோஃபும் இதை வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். படைக்குப் பணம் போதாத காலத்தில் இது என்ன ஆடம்பரம் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் கடற்படைக்கு என்ன பைத்தியமா, நாலு டாலர் சரக்கை விட்டுவிட்டு இருபத்தாறு டாலர் சரக்கை வாங்க? அதன் கணக்கு வேறு. அந்தக் கணக்கு புரிய வேண்டுமென்றால், போர்க்கப்பலுக்கு எரிபொருள் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் வண்டிக்குப் பெட்ரோல் தீர்ந்தால் பங்க்கைத் தேடுவோம். போர்க்கப்பல் போகும் இடத்தில் பங்க் கிடையாது; இருந்தாலும் அது யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதனால் கடற்படைக்கு எரிபொருள் என்பது முதலில் தூரத்தின் கணக்கு, அப்புறம் நட்பின் கணக்கு, கடைசியில்தான் காசுக் கணக்கு. எவ்வளவு தூரம் போகலாம், யாரை நம்பி நிரப்பலாம் என்ற இரண்டு கேள்விகளும்தான் கடந்த இருநூறு ஆண்டுகளில் கடற்படைகளைப் பாயிலிருந்து நிலக்கரிக்கும், நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கும், சில கப்பல்களில் எண்ணெயிலிருந்து அணுசக்திக்கும் தள்ளின.

நிலக்கரிக் காலம்

பாய்மரக் கப்பலுக்கு எரிபொருள் செலவே இல்லை. காற்று இலவசம். ஆனால் காற்று சொன்னபடி கேட்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நீராவி வந்ததும், நினைத்த திசையில் நினைத்த நேரத்தில் போக முடிந்தது. அதற்குக் கொடுத்த விலை, கப்பல் நிலக்கரிக் கிடங்குகளோடு கட்டிப்போடப்பட்டதுதான்.

அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1907 டிசம்பரில் 16 போர்க்கப்பல்களுக்கு வெள்ளை அடித்து உலகத்தைச் சுற்றிவர அனுப்பினார். ‘பெரிய வெள்ளைக் கப்பற்படை’ என்று பெயர். 1909 பிப்ரவரி வரை நீண்ட பயணம். 1908 டிசம்பரில் கொழும்புக்கும் வந்து போனது. அமெரிக்காவின் பலத்தை உலகுக்குக் காட்டுவது நோக்கம். ஆனால் பின்னாலேயே நிலக்கரி சுமந்து வந்த கப்பல்களில் பெரும்பாலானவை பிரிட்டனுடையவை. பிரிட்டன் மனம் மாறியிருந்தால் அந்த வெள்ளைக் கப்பல்கள் ஏதாவதொரு துறைமுகத்தில் நின்றுபோயிருக்கும்.

நிலக்கரி ஏற்றுவது சாதாரண வேலையல்ல. சிப்பாய், அதிகாரி என்று பார்க்காமல் கப்பலில் இருக்கும் அத்தனை பேரும் மூட்டை தூக்க வேண்டும். நாள் முழுக்க வேலை. கரித்தூள் படியாத மூலை இருக்காது; முடிந்ததும் கப்பலைக் கழுவ இன்னொரு நாள். கடலுக்குப் போன பிறகும் கொதிகலனுக்கு வாரிப் போட ஒரு பெருங்கூட்டம் அடித்தளத்தில் வெந்துகொண்டிருக்கும்.

1914-ல் சென்னையை மிரட்டிய எம்டன் நமக்குத் தெரியும். செப்டம்பர் 22 இரவு துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போன அந்த ஜெர்மன் கப்பல், ஓடியதென்னவோ நிலக்கரியில்தான். அதன் கதையைச் சாகசமாகத்தான் சொல்வார்கள். எரிபொருள் கண்ணோடு பார்த்தால் அது ஒரு நிலக்கரித் தேடல். மார்க்கோமானியா என்ற நிலக்கரிக் கப்பலைக் கூடவே வைத்துக்கொண்டு திரிந்தது. சென்னைக்குப் பிறகு சில நாட்களிலேயே உயர்ரக வேல்ஸ் நிலக்கரி ஏற்றி வந்த புரெஸ்க் என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது. எம்டன் கேப்டனுக்கு அது தங்கப் புதையல் மாதிரி. அக்டோபரில் டீகோ கார்சியா தீவில் நின்று சாவகாசமாகக் கரி ஏற்றியது. போர் மூண்ட செய்தியே அந்தத் தீவுக்கு அதுவரை எட்டியிருக்கவில்லை! இப்படிப் பிடித்ததும் பறித்ததுமாக எத்தனை நாள் ஓட்ட முடியும்? நவம்பரில் கோகோஸ் தீவுகளில் கதை முடிந்தது.

எண்ணெய் கொண்டுவந்த வசதியும் வம்பும்

எடைக்கு எடை பார்த்தால் எண்ணெயில் நிலக்கரியைவிட ஏறக்குறைய நாற்பது விழுக்காடு அதிக ஆற்றல் இருக்கிறது. குழாய் வழியே ஏற்றலாம். வாரிப் போட ஆள் வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியம், நடுக்கடலில் ஓடிக்கொண்டே நிரப்பலாம். 1917-ல் அமெரிக்க எண்ணெய்க் கப்பலான மௌமீ, அட்லாண்டிக்கைக் கடந்த டெஸ்ட்ராயர் என்ற வேகமான போர்க்கப்பல்களுக்கு இப்படி எண்ணெய் கொடுத்தது. அந்த முறையை வகுத்தவர்களில் ஒருவர் செஸ்டர் நிமிட்ஸ் என்ற இளம் அதிகாரி. பின்னாளில் அட்மிரல். அவர் பெயரைத் தாங்கிய விமானந்தாங்கிக் கப்பல் இந்தக் கதையில் மறுபடி வரும்.

பிரிட்டனுக்கு இதில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. நிலக்கரி சொந்த நாட்டிலேயே, வேல்ஸில், உலகத் தரத்தில் கிடைத்தது. எண்ணெயோ ஒரு சொட்டுகூட இல்லை. இருந்தும் கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் எண்ணெய்க்கு மாறத் துணிந்தார். குவீன் எலிசபெத் வகைப் போர்க்கப்பல்கள் எண்ணெயில் மட்டுமே ஓடுமாறு கட்டப்பட்டன. எண்ணெய்க்கு வழி? 1914-ல், போர் தொடங்கச் சில வாரங்களுக்கு முன், ஆங்கிலோ-பெர்சியன் எண்ணெய்க் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கைப் பிரிட்டிஷ் அரசே வாங்கிப் போட்டது. இன்று நாம் பிபி என்று அறியும் நிறுவனம் அதுதான். மேற்காசிய அரசியலில் அதற்குப் பின் நடந்த பலவற்றுக்கு இதுவும் ஒரு வேர்.

எண்ணெயைத் தோண்டினால் மட்டும் போதுமா? உலகெங்கும் தேக்கி வைக்க வேண்டும். திருகோணமலையில் காட்டுக்குள் வரிசையாக நிற்கும் அந்தப் பிரம்மாண்டமான இரும்புத் தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் பிரிட்டன் தன் கடற்படைக்காகக் கட்டியவை அவை. இன்றும் 99 தொட்டிகள் நிற்கின்றன. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது தொட்டி ஒன்று தீப்பற்றி எரிந்தது. எரிபொருள் எங்கே குவிந்திருக்கிறதோ அங்கேதான் எதிரி முதலில் கண் வைப்பான்.

ஜப்பான் காலத்தோடு அந்த ஆபத்து முடியவில்லை. 2000 அக்டோபர் 12 அன்று யெமனின் ஏடன் துறைமுகத்தில் அமெரிக்காவின் கோல் என்ற டெஸ்ட்ராயர் எண்ணெய் நிரப்ப நின்றது. ஒரு சின்னப் படகு வெடிமருந்தோடு பக்கவாட்டில் ஒட்டி வந்து வெடித்தது. 17 மாலுமிகள் இறந்தார்கள். அந்தக் கப்பலுக்கு ஏடனில் எரிபொருளைத் தவிர வேறு வேலையே கிடையாது.

அணுசக்தி இருக்கிறதே, அதை எல்லாவற்றிலும் வைத்தால் என்ன?

1955 ஜனவரியில் நாட்டிலஸ் நீர்மூழ்கி அணுசக்தியில் புறப்பட்டபோது, எண்ணெய்க் கவலை ஒழிந்தது என்றுதான் பலர் நினைத்தார்கள். இன்று அமெரிக்காவின் எல்லா நீர்மூழ்கிகளும் எல்லாப் பெரிய விமானந்தாங்கிகளும் அணு உலையில்தான் ஓடுகின்றன. நிமிட்ஸ் வகைக் கப்பலுக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஆயுளில் ஒரே ஒரு முறை அணு எரிபொருள் மாற்றினால் போதும். இதைவிட என்ன வேண்டும்?

காசு வேண்டும். உலை, அதற்கான கவசம், தனிப் பயிற்சி பெற்ற ஆட்கள், கடைசியில் கப்பலைப் பிரித்து அப்புறப்படுத்தும் செலவு என எல்லாம் எகிறும். அமெரிக்கா குரூசர் என்ற பெரிய போர்க்கப்பல் வகையில் ஒன்பதை அணுசக்தியில் ஓடும்படி கட்டிப் பார்த்தது. 1990-களின் முடிவுக்குள் ஒன்பதையும் ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. ஆகவே டெஸ்ட்ராயர், குரூசர், சரக்குக் கப்பல் எல்லாம் எண்ணெயையே குடிக்கின்றன. அணு விமானந்தாங்கியும் தப்பவில்லை. அதன் மேல்தளத்து விமானங்களுக்கு எண்ணெய் வேண்டும்.

சூரிய ஒளி? ஒரு ஆர்லி பர்க் வகை டெஸ்ட்ராயர் ஏறக்குறைய 155 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். பீரங்கி, ரேடார், ஹெலிகாப்டர் தளம் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஓர் அங்குலம் விடாமல் சோலார் தகடு பதித்தாலும், உச்சி வெயிலில் 600 கிலோவாட் தேறினால் பெரிது. அதன் நான்கு கேஸ் டர்பைன் இஞ்சின்களும் சேர்ந்து தருவது 75,000 கிலோவாட் போல. பேட்டரி என்றால், இஞ்சினில் வீணாகும் வெப்பத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு கிலோ டீசல் செய்யும் வேலைக்கு இருபது கிலோ லித்தியம் பேட்டரி தேவைப்படும். துறைமுகத்துக்குள் ஓடும் படகுக்கு அது சரி. பசிபிக்கைக் கடக்க ஆகாது.

ஆக, மிச்சம் இருந்த வழி ஒன்றுதான். கப்பலைத் தொடாதே, எண்ணெயை மாற்று.

ரே மேபஸின் திட்டம்

2009 அக்டோபரில் அமெரிக்கக் கடற்படைச் செயலர் ரே மேபஸ் சில இலக்குகளை அறிவித்தார். அவற்றில் பெரியது, 2020-க்குள் கடற்படையும், கடல்வழி வந்து கரையிறங்கிப் போரிடும் மரீன் படையும் பயன்படுத்தும் ஆற்றலில் பாதி மாற்று வழிகளில் வர வேண்டும் என்பது. (அணுசக்தியையும் அந்தப் பாதிக்குள் சேர்த்துத்தான் கணக்கு. இது கொஞ்சம் சாமர்த்தியமான கணக்கு என்று எனக்குத் தோன்றும்.) இன்னொன்று, ரூஸ்வெல்ட்டின் வெள்ளைக் கப்பற்படையை நினைவூட்டும் ‘பெரிய பசுமைக் கப்பற்படை’: 2012-ல் வெள்ளோட்டம், 2016-ல் உண்மையான பயணம்.

பேச்சில் பசுமை வந்தாலும் அவர் மேடைக்கு மேடை சொன்ன காரணம் வேறு. கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு ஒரு டாலர் ஏறினால் கடற்படைக்கு ஆண்டுக்கு 3 கோடி டாலர் கூடுதல் செலவு. லிபியாவிலோ வளைகுடாவிலோ ஒரு கலவரம் வந்தால் பட்ஜெட்டில் ஓட்டை விழும். அதை அடைக்கப் பயிற்சியைக் குறைப்பார்கள், பராமரிப்பைத் தள்ளிப்போடுவார்கள். ஆப்கானிஸ்தானில் இருந்த மரீன்களுக்கோ இது உயிர்ப் பிரச்சினை. ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோகும் லாரி வரிசைகள்தான் சாலையோரக் குண்டுகளுக்கு இரையாயின. ஐம்பது எண்ணெய் வரிசைகளுக்கு ஒரு மரீன் செத்தார் அல்லது காயம்பட்டார் என்பது மேபஸ் சொல்லிவந்த கணக்கு. 2010-ல் ஹெல்மந்தின் சங்கின் பகுதிக்குப் போன ஒரு மரீன் பிரிவு மடக்கும் சோலார் தகடுகளை எடுத்துப்போனது. ரேடியோ பேட்டரிகளை அதிலேயே ஏற்றிக்கொண்டார்கள். முதுகுச் சுமை குறைந்தது, லாரியும் குறைந்தது. இந்த முழுத் திட்டத்திலும் எந்த வாதமும் இல்லாமல் ஜெயித்த பகுதி இதுதான்.

பொரித்த எண்ணெய் போர்க்கப்பல் எண்ணெய் ஆவது எப்படி

உயிரி எரிபொருள் என்றதும் நமக்குத் தெரிந்தது பயோடீசல். புங்கம், காட்டாமணக்கு என்று ஒரு காலத்தில் நம் ஊரிலும் பெரிதாகப் பேசினார்கள். எண்ணெயோடு மெத்தனாலைச் சேர்த்து வினைபுரிய வைத்தால் பயோடீசல் தயார். லாரிக்கு ஊற்றலாம். கடற்படை மட்டும் அதைக் கிட்டவே சேர்க்காது. காரணம், பயோடீசலின் மூலக்கூறில் ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் அது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், நாளானால் கெட்டுப்போகும், அதில் நுண்ணுயிர்கள் வளரும்.

தண்ணீர் விஷயம் கப்பலில் ஏன் அவ்வளவு முக்கியம்? ஆர்லி பர்க் போன்ற கப்பல்களின் எண்ணெய்த் தொட்டி நாம் நினைக்கிற மாதிரி இருக்காது. எண்ணெய் தீரத் தீரக் கப்பல் இலேசாகி மேலே எழும்பி ஆட்டம் காணும். அதைத் தடுக்க, தீர்ந்த எண்ணெயின் இடத்தில் கடல்நீரையே உள்ளே விடுகிறார்கள். ஒரே தொட்டியில் மேலே எண்ணெய், கீழே கடல்நீர். மறுபடி எண்ணெய் நிரப்பும்போது அது நீரை வெளியே தள்ளும். எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடே நிற்கிறது. அங்கே பயோடீசலை ஊற்றினால் இரண்டும் கலந்து கூழாகும்.

ஆகவே வேறு முறை. கொழுப்பையோ எண்ணெயையோ அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜனோடு வினையூக்கி மேல் விடுகிறார்கள். ஹைட்ரஜன் அந்த ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் தண்ணீராகப் பிரிந்துவிடும். மிஞ்சுவது வெறும் கார்பன்-ஹைட்ரஜன் சங்கிலி. அதை வேண்டிய நீளத்துக்கு உடைத்து, குளிரில் உறையாதபடி கொஞ்சம் கிளை பிரித்துவிட்டால், வந்தது கச்சா எண்ணெயிலிருந்தா, தாவரத்திலிருந்தா, மாட்டிலிருந்தா என்று இஞ்சினுக்கு வித்தியாசமே தெரியாது. பாசி, காமலினா என்ற கடுகு இனச் செடி, ஓட்டல் எண்ணெய், மாட்டுக் கொழுப்பு என எதிலிருந்து தொடங்கினாலும் முடிவு ஒன்றுதான்.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. பெட்ரோலிய எண்ணெயில் அரோமேட்டிக் என்ற வகைச் சேர்மங்கள் உண்டு. குழாய் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள் அவற்றால் இலேசாக ஊதி, இடைவெளியை அடைத்துக்கொள்ளும். புது எண்ணெயில் அரோமேட்டிக்கே கிடையாது. முழுவதும் அதையே ஊற்றினால், ஆண்டுக்கணக்காக ஊதியிருந்த வளையம் சுருங்கிக் கசியும். அதனால் பாதிக்குப் பாதி கலப்பு. பசுமைத் திட்டத்தின் உச்சவரம்பைத் தீர்மானித்தது ஒரு ரப்பர் வாஷர் என்று சொன்னால் தப்பில்லை.

இன்னொரு நிபந்தனையும் விட முடியாதது. கப்பல் டீசலான எஃப்-76, விமான எண்ணெயான ஜேபி-5 இரண்டுமே 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே தீப்பற்றும் ஆவியை விடக்கூடாது. பயணிகள் விமானத்துக்கு 38 டிகிரி இருந்தால் போதும். விமானந்தாங்கிக் கப்பலில் குண்டும் எண்ணெயும் மனிதர்களும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் இருப்பதால் இந்தக் கண்டிப்பு. புது எண்ணெய் இதிலும் தேறியது.

2010 ஏப்ரல் 22, புவி நாள் அன்று, மேரிலாந்தின் பட்டக்சன்ட் ரிவர் விமானத் தளத்தில் ஒரு சூப்பர் ஹார்னெட் போர்விமானம் காமலினா கலந்த எண்ணெயில் பறந்து ஒலியின் வேகத்தைத் தாண்டியது. ‘பச்சை ஹார்னெட்’ என்று பெயர் வைத்தார்கள். 2012 ஜூலையில் ஹவாய் அருகே நடந்த பெரிய கூட்டுப் பயிற்சியின்போது, முதலில் சொன்ன 26 டாலர் சரக்கு சம அளவு சாதாரண எண்ணெயோடு கலந்து 9 லட்சம் கேலனாக வந்து சேர்ந்தது. ஹென்றி ஜே. கைசர் என்ற எண்ணெய்க் கப்பல், ஓடிக்கொண்டே மூன்று போர்க்கப்பல்களுக்கு 7 லட்சம் கேலனும், நிமிட்ஸ் விமானந்தாங்கியின் விமானங்களுக்கு 2 லட்சம் கேலனும் கொடுத்தது. நிமிட்ஸ் தன் ஓட்டத்துக்கு ஒரு சொட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு அணு உலை இருக்கிறதே.

இஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லை. கப்பல்காரர்கள் எதையும் மாற்றவில்லை, புதிதாக எதையும் கற்கவும் இல்லை. அந்தச் சோதனையிலிருந்து தெரியவேண்டியது அவ்வளவுதான், தெரிந்துவிட்டது.

விலை இறங்கியது, ஆனால்

2016 ஜனவரி 20. சான் டியேகோவில் ஜான் சி. ஸ்டென்னிஸ் என்ற விமானந்தாங்கியின் கப்பல் அணி பெரிய பசுமைக் கப்பற்படையாகப் புறப்பட்டது. இம்முறை எரிபொருள் கலிபோர்னியாவின் பாரமவுன்ட் நகரில் ஆல்ட்ஏர் ஆலையில் தயாரானது. மூலப்பொருள் அமெரிக்க நடுமேற்குப் பண்ணைகளிலிருந்து வந்த மாட்டுக் கொழுப்பு. வாங்கிய கலப்பு எண்ணெய் 7 கோடியே 70 லட்சம் கேலன், விலை கேலனுக்கு 2.05 டாலர். இருபத்தாறிலிருந்து இரண்டுக்கு வந்தது பெரிய சாதனை போலத் தெரியும். கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். கலப்பில் மாட்டுக் கொழுப்பு வெறும் 10 விழுக்காடு. மீதி 90 பழைய பெட்ரோலியமேதான். விவசாயத் துறையும் தன் பங்குக்கு மானியம் கொடுத்திருந்தது.

அதற்குள் எண்ணெய்ச் சந்தையும் தலைகீழாகியிருந்தது. கச்சா எண்ணெய் பீப்பாய் 30 டாலருக்குக் கீழே விழுந்திருந்த நேரம் அது. ஒரு பீப்பாய் என்பது 42 கேலன். 2011-ல் ஒரு கேலன் உயிரி எரிபொருளுக்குக் கொடுத்த காசில், 2016 ஜனவரியில் ஏறக்குறைய ஒரு முழுப் பீப்பாய் கச்சா எண்ணெயே வாங்கியிருக்கலாம். அமெரிக்காவிலேயே பாறையைப் பிளந்து எடுக்கும் ஷேல் எண்ணெய் பொங்கி வழிந்துகொண்டிருந்ததால், வெளிநாட்டை நம்பி இருக்கிறோம் என்ற பயமும் தணிந்துவிட்டது. திட்டத்தை ஓட்டிய இரண்டு சக்கரங்களும் ஒரே சமயத்தில் கழன்றன. 2017-ல் அரசு மாறியதும் பசுமைக் கப்பற்படை என்ற பேச்சு மெல்ல அடங்கியது.

தொழிற்சாலை தரப்பில் சேதம் அதிகம். பாசி எண்ணெய் கொடுத்த சொலசைம் நிறுவனம் பெயர் மாற்றிக்கொண்டு, 2017-ல் திவாலானது. 2014-ல் அரசு உதவி பெற்ற மூன்று ஆலைத் திட்டங்களில், மரக்கழிவிலிருந்து எண்ணெய் எடுக்கவிருந்த ரெட் ராக் பாதிக் கட்டடத்தோடு நின்றது. நகரக் குப்பையிலிருந்து எடுக்கவிருந்த ஃபல்க்ரம் 2024-ல் திவால் மனு போட்டது. இந்த மூன்றில் சேராத ஆல்ட்ஏரின் மாட்டுக் கொழுப்பு ஆலை மட்டும் வேறு வாடிக்கையாளரைப் பிடித்துக்கொண்டது: 2016 மார்ச்சிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் யுனைடெட் விமானங்களுக்கு எரிபொருள் கொடுத்தது.

எதிர்ப்பாளர்கள் சொன்னதில் ஒரு பகுதி சரியென்றே நினைக்கிறேன். புது எரிபொருள் எல்லாம் சேர்ந்து ஒரு போர்க்கப்பலின் தூரத்தை ஒரு மைல்கூட நீட்டவில்லை. எண்ணெய்க் கப்பல் பின்னால் வரத்தான் வேண்டும். ஏடன் மாதிரித் துறைமுகத்தில் நிற்கத்தான் வேண்டும். மாட்டுக் கொழுப்பு என்றால் குண்டு வெடிக்காமல் போகுமா?

குறைவாக எரிப்பது

தூரத்தை நீட்ட வேண்டுமென்றால் எரிப்பதைக் குறைக்க வேண்டும். இதைப் பற்றிச் செய்திகளில் அதிகம் வராது. பெயர் வைக்கிற அளவுக்குக் கவர்ச்சி கிடையாது. ஆனால் உண்மையான லாபம் இங்கேதான் இருந்தது.

கப்பலின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் தேவைப்படும் சக்தி இரண்டு மடங்கு ஆகாது, ஏறக்குறைய எட்டு மடங்காகும். டெஸ்ட்ராயர் 30 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கட்டப்பட்டது. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி அதற்குப் பாதி வேகத்தில்தான் உலவுகிறது. கேஸ் டர்பைனோ முழு மூச்சில் ஓடினால்தான் சிக்கனம். மெதுவாகப் போக அதை ஓட்டுவது, ஒரு டம்ளர் டீக்குக் கல்யாண அடுப்பைப் பற்றவைப்பது போல.

இதற்கு மேக்கின் ஐலண்ட் என்ற பெரிய தரையிறக்கக் கப்பல் ஒரு பதில். இரண்டு கேஸ் டர்பைன்களோடு இரண்டு மின் மோட்டார்களும் அதில் உண்டு. வேகம் வேண்டாத நேரத்தில் டர்பைனை அணைத்துவிட்டு மோட்டாரில் நகரும். 2009-ல் மிசிசிப்பியில் கட்டி முடித்து, தென் அமெரிக்காவைச் சுற்றி சான் டியேகோவுக்கு வந்த முதல் பயணத்திலேயே சுமார் 9 லட்சம் கேலன் மிச்சப்பட்டது என்றது கடற்படை. ஹவாயில் அத்தனை ஆரவாரத்தோடு ஊற்றிய எண்ணெயின் மொத்த அளவும் இதே 9 லட்சம் கேலன்தான்!

இதே யோசனையை டெஸ்ட்ராயர்களுக்கும் கொண்டுபோக நினைத்தார்கள். 34 கப்பல்களில் மோட்டார் பொருத்தத் திட்டம். ட்ரக்ஸ்டன் என்ற ஒரே கப்பலில் பொருத்தியதோடு, 2018 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். ரேடாருக்கும் ஆயுதத்துக்கும் மின்சாரம் கொடுக்கிற ஜெனரேட்டர்களே மோட்டாருக்கும் கொடுக்க வேண்டும், இழுபறி அங்கே. ஒரு வேடிக்கை, இதே பெயரில் முன்பு ஓடிய ட்ரக்ஸ்டன், அந்த ஒன்பது அணுசக்திக் குரூசர்களில் ஒன்று. எரிபொருள் பரிசோதனைக்கென்றே நேர்ந்துவிட்ட பெயர் போலிருக்கிறது.

மற்றவை எல்லாம் சில்லறை வேலை: அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாத பூச்சு, பின்பக்கம் நீரோட்டத்தைச் சீராக்கும் ஒரு தகடு, எல்இடி விளக்கு. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் பெரிதில்லை. நூற்றுக்கணக்கான கப்பல்களில் ஆண்டு முழுக்க என்று பெருக்கிப் பாருங்கள்.

கரையில் கதை சுலபம். கப்பல்தளம், குடியிருப்பு, மருத்துவமனைக்கெல்லாம் மின்சாரம் போதும், எடைக் கவலை இல்லை. அரிசோனா பாலைவனத்தில் 2016-ல் திறந்த மெஸ்கீட் சோலார் 3 என்ற 150 மெகாவாட் நிலையம் கலிபோர்னியாவின் 14 கடற்படை, மரீன் தளங்களின் தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கவனிக்கிறது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் பேனல்கள் அங்கேயேதான் இருக்கும்.

கடல்நீரிலிருந்தே எண்ணெய்?

இன்னும் ஒரு வழியைக் கடற்படை ஆய்வகம் முயன்றுபார்த்திருக்கிறது. கடல்நீரில் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கிறது. அதே கன அளவு காற்றில் இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல். அதைப் பிரித்து, தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனையும் பிரித்து, இரண்டையும் சேர்த்தால் எண்ணெய் செய்யலாம். 2014-ல், இப்படிச் செய்த எரிபொருளில் ஒரு பொம்மை விமானம் பறந்ததைக் காட்டினார்கள்.

கடலையே குடித்துக்கொண்டு ஓடும் கப்பல் என்று சிலர் அப்போது எழுதியது சுத்த அபத்தம். எண்ணெயில் இருக்கும் ஆற்றலைவிட அதைச் செய்யச் செலவாகும் மின்சாரம் அதிகம். ஒரு டெஸ்ட்ராயர் தன் டர்பைனை ஓட்டி இதைச் செய்தால் நஷ்டக் கணக்குதான். அணு உலை வைத்திருக்கும் விமானந்தாங்கிக்கு மட்டும் கணக்கு மாறலாம். அதனிடம் மின்சாரம் இருக்கிறது, இல்லாதது விமானத்துக்கான எண்ணெய். ஆனால் ஒரு விமானந்தாங்கியின் விமானங்கள் ஒரே நாளில் குடிப்பது பல்லாயிரக்கணக்கான கேலன். பொம்மை விமானத்துக்குச் சில மில்லிலிட்டர் செய்த இயந்திரம் அந்த அளவுக்கு வளர வேண்டும், அப்புறம் அது கப்பலுக்குள் அடங்கவும் வேண்டும்.